மீதி முப்பது பட்டன்

“வர்றவங்க எல்லாருக்கும் சத்தம் கூடணும், சேனல் மாறணும், பெட்டி அணையணும். அவ்வளவுதான். மீதி முப்பது பட்டனையும் என்ன அழகுக்கா வெச்சிருக்கான்?”

காலையில் தார்ப்பாயைக் கம்பத்தில் இழுத்துக் கட்டும்போதே நேலிதா கிமி இதைச் சொல்லிவிடுவாள். கேட்க ஆள் வேண்டும் என்பதில்லை. பக்கத்து மேசையில் குக்கர் வளையமும் மிக்ஸி பிளேடும் விற்கிற பொலிவார், யாரோ காலை வணக்கம் சொன்ன மாதிரி அதற்குத் தலையை ஆட்டிவிட்டுத் தன் வாழைக்காய் உருண்டையைக் கடிப்பான். மத்தியானம் வெயில் உச்சிக்கு வரும்போது இன்னொரு தடவை சொல்வாள். கடை கட்டும்போதும் சொன்னால் அன்றைக்கு வியாபாரம் சுமார் என்று பொலிவார் புரிந்துகொள்வான்.

குவாயாகில் என்கிற துறைமுக நகரத்தில், லா பாயியா சந்தையில் செருப்புக் கடைகள் முடிந்து கடிகாரக் கடைகள் தொடங்கும் மூலையில் அவள் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு இஸ்திரிப் பலகை. நிஜமாகவே துணி தேய்க்கிற பலகைதான். காலை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம், போலீஸ்காரர் நகரச் சொன்னால் நொடியில் நகரலாம், மழை வந்தால் தலைக்கு மேல் பிடிக்கலாம். இத்தனை உபயோகம் உள்ள சாமானை வெறும் துணி தேய்க்க வைத்திருப்பவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். பலகைக்கு மேலே கயிறு கட்டி, ரிமோட்டுகளைக் கருவாடு போலத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு சின்ன டிவி.

வயது ஐம்பத்திரண்டு. இடுப்பில் இரண்டு பை வைத்த சமையல் ஏப்ரன். இடது பையில் புது பேட்டரி, வலது பையில் செத்த பேட்டரி. எது எது என்று சந்தேகம் வந்தால் பலகையில் செங்குத்தாகப் போட்டுப் பார்ப்பாள். நல்லது தொப்பென்று நிற்கும், செத்தது துள்ளிக் கீழே விழும். வாங்க வந்தவர் முன்னால் இதைச் செய்து காட்டுவதில் அவளுக்கு ஒரு பெருமை. வாங்க வருகிற பெண்கள் எல்லாரும் அவளுக்கு ராணிதான். “பாத்தீங்களா ராணி? செத்ததுதான் இப்படிக் குதிக்கும். உயிரோட இருக்கிறது அடக்கமா நிக்கும்” என்பாள். அவளே அடக்கமாக நின்று யாரும் பார்த்ததில்லை.

ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருக்கிறாள். கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துவாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் திரையில் ஊதாப் புள்ளியாக மினுக்கும். நேற்றுவரை இதைக் கேள்விப்படாதவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வாய் மூடுவதற்குள் பேட்டரியை விற்றுவிடுவாள்.

அந்த ஊரில் புது ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள். எண்ணெய்க் கை படும், குழந்தை வாயில் வைக்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று அப்படியே வைத்திருப்பார்கள். உறை வியர்த்து, நைந்து, உள்ளே ஒரு எறும்புக் குடும்பமே குடியேறிய பிறகு, “பட்டன் வேலை செய்யலை” என்று நேலிதாவிடம் கொண்டுவருவார்கள். உறையை உரித்து எறிந்துவிட்டுத் துடைத்துக் கொடுப்பாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு புது உறை போட்டுத்தான் கொடுப்பாள். இல்லாவிட்டால் வாங்கிப் போக மாட்டார்கள்.

அவள் தொழிலின் விஷயம் இதுதான். எல்லா டிவிக்கும் பொதுவான ரிமோட் ஒன்று வருகிறது. நம் டிவியின் எண்ணை அதில் போட்டால் அணைக்கும், சத்தம் கூட்டும், சேனல் மாற்றும். அதோடு நின்றுவிடும். டிவியோடு கூடப்பிறந்த ரிமோட்டில் இருந்த மற்ற வித்தைகளெல்லாம், குறிப்பிட்ட நேரத்தில் தானே அணைவது, படத்தை அகலமாக்குவது, இன்னொரு கம்பி வழியாக வருகிற படத்துக்குத் தாவுவது எல்லாம், இதில் இருக்காது. இல்லை என்று நாம் நினைப்போம். இருக்கும் என்பாள் நேலிதா. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு எண் உண்டு. ‘செட்’ பட்டனைச் சிவப்பு விளக்கு இரண்டு தடவை சிமிட்டும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்பது, ஒன்பது, நாலு. மறுபடி ‘செட்’. அப்புறம் அந்த வித்தையின் எண். கடைசியாக, சும்மா கிடக்கிற பட்டன் ஏதாவது ஒன்று. விளக்கு இரண்டு தடவை சிமிட்டினால் வித்தை அந்தப் பட்டனில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். நீளமாக ஒரு தடவை சிமிட்டினால், “போடீங்கறான்” என்பாள்.

இந்த வித்தைகளை யாரும் அவளிடம் கேட்டு வருவதில்லை. அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். ரிமோட் வேண்டும் என்று வந்தவரிடம் டிவி என்ன கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால், “வீட்ல யார் எங்க உக்காருவாங்க? யாருக்கும் யாருக்கும் சண்டை?” என்று கேட்பாள். லாரி ஓட்டுகிறவன் பெண்டாட்டி ஒருத்தி, புருஷன் டிவியைப் போட்டுவிட்டுக் குறட்டை விடுகிறான், அணைத்தால் மட்டும் முழித்துக்கொண்டு கத்துகிறான் என்றாள். நேலிதா சிவப்புப் பட்டனில் தானே அணைகிற வித்தையை ஏற்றி, அதன்மேல் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தாள். “அரை மணியில தானா அணையும். அவனை எழுப்பாது. நீ தூங்கின மாதிரி படுத்துக்க, அது போதும்.” முடி வெட்டுகிற கடைக்காரர் ஒருவருக்குப் பச்சைப் பட்டனைத் தொட்டால் நேராகப் பந்தாட்டம் வருகிற கேபிள் பெட்டிக்குத் தாவும்படி வைத்துக் கொடுத்தாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சுண்டுவிரலால் அமுக்குகிறார் என்று கேள்வி.

எல்லாம் சரியாகவே அமையும் என்று சொல்ல முடியாது. கேட்காத வித்தையையும் சேர்த்து ஏற்றுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. ஒரு தையற்காரி வீட்டு டிவி, மஞ்சள் பட்டனைத் தொட்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் போர்ச்சுகீசு மொழியில் எழுதிக் காட்ட ஆரம்பித்தது. அவள் சண்டைக்கு வந்தாள்.

“நீயா மஞ்சளைத் தொட்டே?”

“தொடறதுக்குத்தானே பட்டன்?”

“சரி விடு. காசு வாங்காம ஒரு பாஷை கத்துக் குடுத்திருக்கேன், அதுக்கும் சண்டையா?” என்றாள் நேலிதா. பொலிவார் குக்கர் வளையத்தை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு சிரித்தான்.

ஜனவரி அவளுக்கு அறுவடை மாதம். காரணம் அந்த ஊரின் வருடப் பிறப்பு வழக்கம். டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு வீடு பழைய வருடத்துக்கு ஒரு பொம்மை செய்வார்கள். வீட்டு ஆம்பளையின் பழைய கால்சட்டையையும் சட்டையையும் எடுத்து, உள்ளே மரத்தூளும் காகிதமும் திணித்து, முகமூடி மாட்டி, வாசலில் உட்காரவைத்து, வருடம் மாறும் நேரத்தில் தெருவில் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். அந்த ஊர் ஆம்பளைகளுக்கோ, வேறு யாரும் சேனலை மாற்றிவிடாதபடி ரிமோட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கம். பொம்மை தைக்கிற அவசரத்தில் பையை யார் பார்க்கிறார்கள்? வருடம் பிறந்து இரண்டு நாள் வீடு முழுக்கச் சோபாவைப் புரட்டித் தேடுவார்கள். மூன்றாம் நாள் லா பாயியாவுக்கு வருவார்கள்.

ஒருத்தரும் எரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். தொலைந்துவிட்டது என்பார்கள். நேலிதா கண்ணைக்கூட உயர்த்தாமல், “கால்சட்டை யாரோடது?” என்பாள்.

பெத்தீதா என்கிறவள் வந்ததும் அப்படித்தான். ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. முதல் மழை இறங்கி, தெருவெல்லாம் சிள்வண்டு. குடையை உதறி மடக்கிப் பலகையின்மேல் வைத்தாள், ரிமோட்டெல்லாம் நனைந்தது.

“குடையை எடு ராணி. என்ன, தொலைஞ்சு போச்சா?”

“தொலைஞ்சு போச்சு.”

“கால்சட்டை யாரோடது?”

பெத்தீதா சுற்றுமுற்றும் பார்த்தாள். “அவரோடதுதான். மில்லுக்குப் போட்டுட்டுப் போன பழசு. அவருக்குத் தெரியாது. கால்சட்டையைத் துவைக்கும்போது கிழிஞ்சு போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ரிமோட்டை எதிர்வீட்டு நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு அவரா நினைச்சுக்கிட்டாரு. நான் ஆமா இல்லைன்னு ஒண்ணும் சொல்லலை.”

“அந்த நாய்?”

“பாவம், அவரைப் பார்த்தாலே வாலை மடக்கிக்குது.”

நேலிதா ஒரு ரிமோட்டை அவிழ்க்கப் போனாள். பெத்தீதா பையிலிருந்து ஏற்கெனவே ஒன்றை எடுத்து வைத்தாள். வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கியது. சத்தம் வருகிறது, சேனல் மாறுகிறது, அணைகிறது. அது போதாது என்றாள் அவள். அந்த வருடத்தில் முதல்முறையாக ஒரு ஆள் தானாக வந்து அது போதாது என்று சொன்னதைக் கேட்டு, நேலிதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பெத்தீதாவின் புருஷன் செகுந்தோவுக்குக் காது கேட்காது. அரிசி ஆலையில் உமி பிரிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவர். டிவியின் அடியில் பேச்சை எழுத்தாகக் காட்டுகிற வித்தை ஒன்று இருக்கிறதே, அதை வைத்துத்தான் அவர் டிவி பார்ப்பது. பழைய ரிமோட்டில் அதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. ரிமோட் பொம்மையோடு போயிற்று. அப்புறம் முதல் மழையில் கரண்ட் போய் வந்ததில் டிவி தன் புத்தியை இழந்து, எழுத்தையும் நிறுத்திவிட்டது.

“அதிலிருந்து வாசல்ல நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஏழு மணிக்கே படுத்துக்கிறாரு. எட்டு மணி நாடகத்தை அவரு படிப்பாரு, நான் கேட்பேன். ஆறு மாசமா. ராத்திரிச் சாப்பாடு முழுக்க அதைப் பத்தித்தான் சண்டை.”

“நீ வாயால சொல்ல வேண்டியதுதானே? உன் உதட்டைப் படிப்பாருல்ல?”

“படிப்பாரு. சொல்லித்தான் பார்த்தேன். எனக்குப் புடிக்காதவங்க பேசினதையெல்லாம் விட்டுட்டுச் சொல்றேன்னு கோவிச்சுக்கிட்டாரு.”

“விட்டியா?”

“விட்டேன். அந்த மூத்த மருமக பேச்சையெல்லாம் எவ சொல்லுவா?”

அந்த நாடகத்தில் ஒரு வாழைத்தோட்டத்துக்காரர் வீட்டில் பந்தயக் குதிரை ஒன்றை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். வைத்தது யார் என்பதுதான் கதை. மூத்த மருமகள் என்பது பெத்தீதாவின் கட்சி. பத்திரம் எழுதுகிற வக்கீல் என்பது செகுந்தோவின் கட்சி. அன்று இரவு எட்டு மணிக்குக் கடைசிப் பாகம்.

“இன்னைக்கு அவரு வாசல்ல உக்காந்துட்டாருன்னா இனிமே டிவி பக்கம் திரும்ப மாட்டாரு. அந்த மனுஷனை எனக்குத் தெரியும். அப்புறம் சாப்பாட்டில நாங்க எதைப் பேசறது? உப்பு பத்தியா?”

நேலிதா டிவியின் பெயரைக் கேட்டாள். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. எழுத்துக்கான எண் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை. “கிட்டத்தட்ட தெரியும்” என்றாள். அந்தத் தொழிற்சாலையில் செய்த டிவிகளில் எண்கள் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியும். ஒவ்வொன்றாக ஏற்றி, டிவிக்கு முன்னால் நின்று அமுக்கிப் பார்க்க வேண்டும். டிவியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. நேலிதா ஏறிக்கொண்டாள், இஸ்திரிப் பலகையோடு. போவதற்கு முன்னால் ஒரு ரிமோட்டை மட்டும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, மற்றதையெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பொலிவாரிடம் தள்ளினாள்.

“யாராவது கேட்டா?”

“மீதி முப்பது பட்டனும் எதுக்குன்னு கேளு. தெரிஞ்சவனுக்கு மட்டும் வித்துடு.”

குவாஸ்மோ பேட்டையின் தெற்குக் கோடியில் பெத்தீதாவின் வீடு. இரண்டு பேரும் போய்ச் சேரும்போது செகுந்தோ வாசலில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிப் பலகையோடு வருகிற பெண்ணைப் பார்த்து, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “இங்க தேய்க்கத் துணி ஒண்ணும் இல்லைம்மா” என்றார். தெருவுக்கே கேட்டது. நேலிதா ரிமோட்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே உள்ளே வந்தார். நம்பிக்கையோடு வந்த மாதிரித் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தார்.

நேலிதா டிவியின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எண்களை ஏற்றிப் பார்த்ததெல்லாம் நீலப் பட்டனில். முதல் எண்ணுக்குப் படம் ஒடுங்கி நடுவில் ஒரு கோடாக நின்றது. அடுத்ததற்குப் பழையபடி விரிந்தது. இன்னொன்றுக்கு எல்லாரும் பச்சையாக மாறினார்கள். இன்னொன்றுக்குப் படம் தலைகீழாகக் கவிழ்ந்தது, செய்தி வாசிக்கிற பெண் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டே வாசித்தாள். செகுந்தோ தலையைச் சாய்த்துப் பார்த்து, “இதுவே நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“உங்க வீட்டுக்காரருக்கு ஏத்தம் ஜாஸ்தி” என்றாள் நேலிதா.

“அவரு பேசி நாள் ஆச்சு. பேசட்டும்” என்றாள் பெத்தீதா. அடுப்பில் வாழைக்காய் வறுபட்டுக்கொண்டிருந்தது.

ஏழரை மணிக்கு மேல் விஷயம் கெட்டது. ஏதோ ஒரு எண்ணை ஏற்றி நீலத்தைத் தொட்டவுடன் டிவி அணைந்துபோயிற்று. மூலையில் இருந்த சின்ன விளக்கு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அணைக்கும் பட்டன், சேனல் பட்டன், எதற்கும் அசையவில்லை. நேலிதா பேசுவதை நிறுத்திவிட்டாள். அது பயப்பட வேண்டிய விஷயம் என்று, அவளை அன்றுதான் பார்த்த பெத்தீதாவுக்கே தெரிந்தது. கையில் கரண்டியோடு வந்து, புருஷனுக்கு முதுகைக் காட்டி, டிவியைப் பார்த்தபடி நேலிதாவிடம் சொன்னாள்.

“எல்லாம் என்னாலதான். நல்ல கால்சட்டையைத் திருடினேன். இன்னும் ரெண்டு வருஷம் தாங்கியிருக்கும். அந்தப் பொம்மைக்கு இடுப்பு சரியா வரணும்னு அவரோடதையே எடுத்தேன். எரிச்சதும் எரிச்சேன், அந்த நாய் மேல பழி விழுந்தப்ப வாயையும் மூடிக்கிட்டேன்.”

“கொளுத்தினது நான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இருவரும் திரும்பினார்கள். செகுந்தோ அணைந்த டிவியைக் காட்டினார். அந்தக் கருப்புக் கண்ணாடியில் பெத்தீதாவின் முகம், உதடு உட்பட, தெளிவாகத் தெரிந்தது.

“என் கால்சட்டை எனக்குத் தெரியாதா? வாசல்ல நாள் பூரா காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னைவிட அதுக்கு நல்லா பொருந்தியிருந்துச்சு, அதனால விட்டுட்டேன். தீக்குச்சி கிழிச்சது யாரு? நான். ரிமோட்டை அந்தப் பையில போட்டது யாரு? அதுவும் நான். அது இப்பத்தான் புரியுது. நீ திருடினது கால்சட்டை மட்டும்தான்.” கொஞ்சம் யோசித்தார். “அந்த நாயை நான் கல்லால அடிச்சேன் பெத்தீதா.”

“நாளைக்கு அதுக்கு ஒரு எலும்பு குடுத்துடலாம்” என்றாள் பெத்தீதா அவர் முகத்துக்கு நேராக, உதட்டை நன்றாக அசைத்து.

நேலிதாவுக்கு அவர்கள் குடும்ப விவகாரத்தைக் கேட்க நேரமில்லை. டிவியின் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். அடுப்படிக்குப் போய் வாழைக்காய் கருகாமல் புரட்டிவிட்டு வந்தாள். மறுபடி செருகினாள். டிவி வந்தது. ஆனால் படத்துக்குப் பதிலாக நாலு கட்டம் காட்டி, ரகசிய எண் கேட்டது.

“எங்க கல்யாண வருஷத்தைப் போட்டுப் பாரேன்” என்றாள் பெத்தீதா.

“ஃபாக்டரியில இருந்தவன் உங்க கல்யாணத்துக்கு வந்தானா?”

“ஆலையில நான் சேர்ந்த வருஷம்” என்றார் செகுந்தோ.

“நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. அவனுக்குக் கல்யாணமும் தெரியாது, ஆலையும் தெரியாது. சோம்பேறிப் பய.” நேலிதா நாலு சைபர் போட்டாள். கட்டம் மறைந்து படம் வந்தது. நேராக, சரியான நிறத்தில். எழுத்து மட்டும் இல்லை.

எட்டு அடிக்கப் போகிற நேரம். நாடகத்தின் பெயர் ஓடத் தொடங்கியது. வாழைத்தோட்டம், வெள்ளை வீடு, அழுகிற பெண்கள். செகுந்தோ மெதுவாக எழுந்து நாற்காலியைத் தூக்கினார். முகத்தில் கோபம் இல்லை. வாசல் பக்கம் திரும்பினார். பெத்தீதா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

நேலிதா ‘செட்’டை அமுக்கிப் பிடித்தாள். இரண்டு சிமிட்டல். ஒன்பது, ஒன்பது, நாலு. மறுபடி ‘செட்’. இத்தனை நேரமும் எண்களை வரிசையாக ஏற்றிக்கொண்டே போனவளுக்கு, டிவியைப் பூட்டின அந்த எண்ணுக்கு ஒன்று முன்னால் இருந்ததை அவசரத்தில் தாண்டிவிட்டது ஞாபகம் வந்தது. அதைப் போட்டாள். நீலம். இரண்டு சிமிட்டல். மூக்கை டிவிக்கு நேராக நீட்டி அமுக்கினாள்.

அழுகிற பெண்ணின் கழுத்துக்குக் கீழே, கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது.

செகுந்தோ நின்ற இடத்திலிருந்தே உரக்கப் படித்தார். “‘மழைச் சத்தம்.’” அடுத்து, “‘தூரத்தில் இடி.’” ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார், நிஜமாகவே பெய்கிறதா என்று. அப்புறம் நாற்காலியைக் கீழே வைத்தார். தெருப் பக்கம் பார்த்து வைத்ததை மறுபடி தூக்கி, டிவிப் பக்கம் திருப்பி வைத்தார்.

“மூத்த மருமக என்ன சொல்றா பாரு” என்றார் பெண்டாட்டியிடம். “இவ்வளவு நல்ல பேச்சை நீ எனக்குச் சொல்லவே இல்லை.”

நேலிதா வாழைக்காயில் நாலைந்து துண்டை வாயில் போட்டுக்கொண்டு, சேரவேண்டிய டாலர்களை வாங்கி ஏப்ரன் பையில் திணித்து, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப்பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் தெருவில் இறங்கியவள் உடனே போகவில்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தபடி நின்றாள். உள்ளே ஒரு தொந்தரவு நடந்துகொண்டிருந்தது. ஆள் பேசி முடிப்பதற்குள் எழுத்து முழுசாக வந்துவிடுகிறது. செகுந்தோ முந்திப் படித்துவிட்டு “அட” என்கிறார், தொடையில் தட்டுகிறார். பெத்தீதா “சொல்லாதீங்க, சொல்லாதீங்க” என்று ஒரு கையால் அவர் வாயைப் பொத்தி, இன்னொரு கையைத் தன் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்படியும் ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள்.

வேலை செய்கிற எந்த ரிமோட்டுக்கும் இன்னொரு பிரதி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வது நேலிதாவின் வழக்கம். அதைப் பையிலிருந்து எடுத்தாள். ஜன்னல் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டினாள். சத்தத்தைக் குறைத்தாள், குறைத்துக்கொண்டே போனாள், ஒன்றும் இல்லாமல் ஆகும்வரை.

பெத்தீதா கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் கிடந்த ரிமோட்டுக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் எழுத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தாள். நீட்டிய கையாலேயே தன் நாற்காலியை அவர் நாற்காலியோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். வக்கீல் வந்தார், மூத்த மருமகள் வந்தாள், கைவிலங்கோடு போலீஸ் வந்தது. வீட்டில் சிள்வண்டுச் சத்தம் மட்டும். யாரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று இருவரும் உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, திரையில் யாருமே இல்லாத ஒரு வெறும் சாலை வந்தது. கீழே பட்டையில் எழுத்து வந்தது: ‘குதிரை கனைக்கும் சத்தம்.’

“சாகலை” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

நேலிதா கிமியை லா பாயியாவில் பார்க்கலாம், செருப்பு முடிந்து கடிகாரம் தொடங்குகிற மூலையில், ஞாயிறு தவிர எல்லா நாளும். ஜனவரியில் கூட்டம் இருக்கும், கொஞ்சம் நிற்க வேண்டிவரும். வாங்க ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, அவளாக ஏதாவது விற்றுவிடுவாள். நீங்கள் வாயைத் திறந்ததும் கவிழ்த்த கூடைமேல் இருக்கும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஸ்டூலை உங்கள் பக்கம் தள்ளுவாள். போய்ப் பாருங்கள்.